முள் சாய்ந்த பக்கம்

சிறிய மோட்டார் படகின் பெட்ரோல் முள், கூட்டணி பேசும் தலைவரைப் போல. எந்தப் பக்கம் அலை அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். கரையில் கட்டிக் கிடக்கும்போது அரை டேங்க். வேகமெடுத்து முன்பக்கம் தூக்கினால் டேங்க்கில் பெட்ரோல் பின்னால் ஓடும். அளவு பார்க்கும் மிதவை டேங்க்கின் பின்னால் இருந்தால் முக்கால், முன்னால் இருந்தால் கால். பெட்ரோல் பங்க் பக்கமே போகாமல் டேங்க் நிறைவது படகில் மட்டும்தான்.

அடிப்பக்கம் கூம்பிய டேங்க் என்றால் இன்னும் விசேஷம். உயரத்தில் பாதி இருக்கும். லிட்டரில் பாதி இருக்காது. முள் பொய் சொல்லவில்லை, நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

போதாக்குறைக்கு மிதவையும் மீட்டரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். மிதவை காட்டும் மின்தடை அமெரிக்க முறையில் காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33. ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. மாற்றி மாட்டினால் பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். இன்ஜின் நிற்கும் வரை மனசுக்கு நிறைவாகவே இருக்கும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. படகைச் சமமாக நிறுத்தி, காலி டேங்க்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். அதற்குப் பொறுமை வேண்டும். அதனால், போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்ற பழைய கணக்கையே பலரும் நம்புகிறார்கள். நல்ல கணக்குதான். முதல் பங்கு தீர்ந்தது என்று அறிவிக்கும் பொறுப்பு மட்டும் அதே முள்ளிடம் இருக்கிறது.