சின்ன வேலைதான் பாக்கி

பழைய காரை வாங்கிப் புதுசாக்கப் போகிறவர் தருமபுரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பிர்க்காவுக்கு ஒருவராவது இருப்பார். பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருப்பார், அரூரில் வாத்தியாராக இருப்பார், காரிமங்கலத்தில் ஓய்வுபெற்ற கண்டக்டராக இருப்பார். தொழில்தான் மாறும். வாசலில் தார்ப்பாய் போர்த்திய உருவமும், "இன்னும் ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்ற பேச்சும் எல்லா ஊரிலும் ஒன்றே.

எங்கள் தெரு அண்ணனுடையது 1994 மாடல் ஃபியட். ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி. சித்தூர் ராணியின் பெயராம். எங்கள் பக்கம் பத்மினி என்றால் நடிகைதான், ஆகவே ஃபியட். 2022 தை மாதம் 25,000 ரூபாய்க்கு வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார். எண்பது பக்க நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, 'மொத்த பட்ஜெட் 50,000' என்று எழுதி இரண்டு கோடும் போட்டார். வருகிற ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவதாக ஏற்பாடு.

முதலில் வாங்கியது ஸ்டியரிங் கவர். அடுத்தது ஹார்ன். "பிரேக் பார்க்கலையாண்ணா?" என்று கேட்டேன்.

"ஓடினாத்தானே நிறுத்தணும்?"

வாங்கும்போது அவர் எஞ்சினைத்தான் காதால் கேட்டுப் பார்த்தார், கால்மிதியைத் தூக்கிப் பார்க்கவில்லை. விவரமானவர்கள் மாற்றிச் செய்வார்கள். அந்த 1089 சிசி எஞ்சினுக்கு பிஸ்டனும் ரிங்கும் தேடினால் கிடைக்கும், ரீபோர் போட்டுத் தர லேத் இருக்கிறது. துரு தின்ற தகரத்துக்குத்தான் நாள் கணக்கில் கூலி அழ வேண்டும். வீட்டுக்கு வந்து கால்மிதியைத் தூக்கியதும் தரை தெரிந்தது. காரின் தரை அல்ல, தெருவின் தரை.

டிங்கரிங் மேஸ்திரி வந்து கதவில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி உதிர்ந்தது.

"அண்ணா, இதுல தகரத்தைவிட பட்டிதாண்ணா ஜாஸ்தி."

"அப்ப துரு பிடிக்காதுல்ல?" என்றார் அண்ணன். இந்த மனசு இல்லாதவன் பழைய கார் பக்கமே போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி பெங்களூரு ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி, ஒருமுறை சென்னை புதுப்பேட்டை. 150 ரூபாய்க்கு ஒரு கதவுக் கைப்பிடி வாங்க பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 600 ஆகும். நோட்டில் 150 மட்டும் ஏறும். "பஸ்ஸுல போனது நான், கார் இல்லையே" என்பது அவர் கணக்கியல். வாங்கிய சாமான்களெல்லாம் பாலக்கோட்டுத் தக்காளி கிரேட்டுகளில் திண்ணையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மாசியில் அண்ணி அந்த ஃபியட்டின் கூரைமேல் புளி காயவைத்தார். பெயிண்ட் போய்விடும் என்று அண்ணன் பதறினார்.

"ஏங்க, புளி போட்டுத் தேச்சா பித்தளைக் குடமே விளங்குது. உங்க வண்டி விளங்காதா?"

2023 அக்டோபர் 30 மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கு விடை கொடுத்த நாள். பத்திரிகைகள் உருகி எழுதின. அண்ணன் முகத்திலோ ஒளி. "இனிமே ஸ்பேர் சல்லிசா வரும்." இழவு வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பதிவு புதுப்பிப்பில்தான் அவர் உண்மையிலேயே மேதை. பழைய உடைமையாளர் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அண்ணன் வாங்கியபோது கட்டணம் 600 ரூபாய். வேலை முடியட்டும் என்றார். அந்த ஏப்ரலிலேயே அது 5,000 ஆனது. பெயிண்ட் அடிக்கட்டும் என்றார். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 என்று அறிவித்தார்கள். பசுமை வரி தனி. அன்று இரவு நோட்டை எடுத்து, கட்டாத பத்தாயிரத்தை வரவுப் பக்கம் எழுதிக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை அது உயிர்பெற்றது. கார்த்திகை மாதத்து ராத்திரி. கார்புரேட்டரைக் கழுவி மாட்டி, பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சோக்கை இழுத்து, பேட்டரிக் கடைப் பையனிடம் இரவல் வாங்கிய பேட்டரியில் ஒரு திருப்பு. இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணி அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தார். மேஸ்திரி, "விடாதீங்கண்ணா, ஒரு ரவுண்டு போலாம்" என்றார். அண்ணன் ஒரு நிமிடம்போல ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு அவரே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"டைமிங் கொஞ்சம் பாக்கணும்."

மறுநாள் காலையில் கார்புரேட்டர் மறுபடி கழற்றப்பட்டு கிரேட்டில் கிடந்தது. முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வார் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

நான்கு ஆடிப் பதினெட்டு போயாகிவிட்டது. நாலாவதற்கும் நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். பென்னாகரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அண்ணன் இறங்கி ஒரு காயலாங்கடைக்குள் நுழைந்தவர், டிரைவர் ஹார்ன் அடித்த பிறகு ஓடி வந்து ஏறினார். கையில் ஒரு ஜோடி டெயில் லேம்ப். வாங்கிப் பார்த்தேன். அம்பாசிடருடையது.