காசு கொடுத்து நடப்பவர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் பர்லியார். சமவெளியின் புழுக்கம் இங்கே இன்னும் முழுதாக விடைபெற்றிருக்காது. மலையின் குளிரும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. குடும்பத்தோடு வருபவர்களில் பெரியவர்கள் ஸ்வெட்டரைப் போடச் சொல்வதும் பிள்ளைகள் மறுப்பதும் இந்த உயரத்தில்தான். நீலகிரி மாவட்டத்தின் சோதனைச் சாவடியும் இங்கே இருப்பதால், ஸ்வெட்டர் தகராறு தீர்வதற்குள் தண்ணீர் பாட்டில் தகராறு தொடங்கிவிடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டம் முழுவதும் தடை உண்டு. அப்படிப்பட்ட மாவட்டத்தில் குன்னூரை எட்ட 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டியிருப்பது, வயிறு இளகியவர்களுக்குப் பையில்லாத பெருந்துயரம்.

ஊரின் நிலவியல் எளிமையானது. குன்னூரிலிருந்து இறங்கும் ஆறு, வழியில் காட்டேரி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, லாஸ் அருவியில் விழுந்து, பாறைகளுக்கு இடையே புகுந்து கல்லாற்றுப் பக்கம் போய்க் கடைசியில் பவானியில் கலக்கிறது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கின் சரிவுகளில்தான் சாலையும் ரயில் பாதையும் ஒற்றையடிப் பாதைகளும் ஏறுகின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் மூச்சு வாங்காமல் பயணம் செய்வது ஆறு மட்டுமே. அதுவும் இறங்குவதால்.

இந்தச் சரிவின் சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நடக்காமல் எப்படி ஏறுவது என்று மனிதர்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட சரித்திரம் அது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிக் கோத்தகிரிப் பக்கம் போனபோது ஒழுங்கான பாதை கிடையாது. அதன்பின் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை போட்டார்கள். குன்னூர் கணவாய் வழியே 1830இல் வேலை தொடங்கி 1832இல் இன்னொரு பாதை வந்தது. குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையில் ஏறினார்கள்; இல்லாத துரைகள் பல்லக்கில் ஏறினார்கள். பல்லக்கைத் தூக்கியவர்கள் நடந்துதான் ஏறினார்கள் என்பதால் அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பயணி ரிச்சர்ட் பர்ட்டன் 1847இல் உடம்பைத் தேற்றிக்கொள்ள இவ்வழியே ஏறிப்போய், ஊட்டியில் சில மாதம் இருந்து, சலித்துப்போய் இறங்கி, 1851இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மலைக்குப் போய் வந்ததை ஊரெல்லாம் கேட்கும்படி சொல்லும் வழக்கம் செல்போனுக்கு முந்தியது என்பதற்கு இது சான்று.

பழைய பாதை மாட்டு வண்டிக்கு ஏற்றதாக இல்லை. 1870களில் சரிவைக் குறைத்து, வளைத்து வளைத்துப் புதிய சாலை வந்தது. அந்த வேலையை நடத்திய லா என்ற ராணுவ அதிகாரியின் பெயரைத்தான் மேலே சொன்ன அருவி சுமக்கிறது. சாலை வந்தும் மனிதருக்கு நிம்மதி இல்லை. ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854இலேயே எழுந்திருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்து சேர்ந்தது 1899இல். இடைப்பட்ட 45 ஆண்டுகளில் எல்லோரும் நடந்தே போய் வந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1908இல் பாதை ஊட்டியை எட்டியது. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்து. கல்லாற்றுக்கு மேல் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், அதைக் கவ்வி ஏறும் பல்சக்கரம். இத்தனை செய்தும் 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. 1998இல் வந்த ‘உயிரே’ படத்துக்காக இதன் கூரைமேல் ஒரு கூட்டமே நின்று ஆடியது. வேறு ரயிலில் ஆடியிருந்தால் படம் வெளிவந்திருப்பது சந்தேகம். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பிறகு பேருந்து வந்தது, கார் வந்தது, சீசன் நேரத்தில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்ற ஒருவழி ஏற்பாடும் வந்தது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வந்துவிட்டது. இவ்வாறு நடக்கவே தேவையில்லாத நிலையை நாகரிகம் எட்டிய பிறகுதான், நடந்து ஏறுவதற்கென்றே காசு கட்டும் மனிதர் பர்லியாரில் இறங்கினார்.

இம்மனிதரை அடையாளம் காண்பது எளிது. நடை அரை நாள்தான். முதுகில் இருப்பது மூன்று நாள் பை. அதில் தலைவலி மாத்திரை, முட்டிக்குத் தடவும் களிம்பு, சார்ஜர், சார்ஜருக்குச் சார்ஜர், மற்றும் வீட்டில் கட்டிக் கொடுத்த புளியோதரை. ஷூ புதியது. கடையில் இரண்டடி நடந்து பார்த்தபோது கடிக்காத ஷூ, ஆற்றங்கரைக் கல்லில் கால் வைத்ததும் கடிக்கத் தொடங்கும். வழிகாட்டியாக வரும் உள்ளூர்க்காரரின் உடைமைகள்: தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கொடுவாள். ஒரு மணி நேரத்தில் வெளியூர்க்காரரின் பையும் அவர் தோளுக்கு மாறிவிடும். பல்லக்குக் காலத்து வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

பாதையில் தூரம் அளக்கும் முறை தனியானது. கிலோமீட்டர் சாலைக்கு உரியது. ஒற்றையடிப் பாதையில் அது செல்லாது. “இன்னும் எவ்வளவு தூரம்ணா?” என்று கேட்டால், “இந்தா, வந்துருச்சுங்க” என்று பதில் வரும். அதற்கு முக்கால் மணி நேரம் என்று பொருள் கொள்ள வேண்டும். “கொஞ்சம் ஏத்தம் இருக்குதுங்க” என்றால் இரண்டு கைகளையும் தரையில் ஊன்ற நேரிடும். “ஏத்தம்னு சொல்றாப்ல ஒண்ணும் இல்லீங்க” என்பதைக் கேட்டால் திரும்பிவிடுவதே நல்லது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ரேஷன் அரிசி மூட்டையோடு அந்த மேட்டை வாரந்தோறும் ஏறுபவருக்கு அது ஏற்றமே இல்லை.

ஏறத் தொடங்கும் முன் பார்க்கவேண்டியது அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. 1871இல் தொடங்கிய இந்தப் பண்ணையில், ஊட்டிக் குளிரிலும் கோவை வெயிலிலும் வளராத மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், லிச்சி, ஜாதிக்காய், கிராம்பு முதலியவை சௌகரியமாக வளர்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். கறுத்த ஊதாத் தோலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிளந்தால், உள்ளே பூண்டுப் பற்களைப் போல வெள்ளைச் சுளைகள். அடியில் இருக்கும் பூவிதழ் போன்ற தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பிரிக்காமலேயே எண்ணிச் சொல்லிப் பந்தயம் கட்டலாம். தோலின் சாறு சட்டையில் பட்டால் சட்டை கிழியும்வரை போகாது என்பதைக் கடைக்காரர் பணம் வாங்கிய பிறகு சொல்வார். துரியன் பழத்துக்குக் குழந்தை வரம் வேண்டி வருவோரிடம் பெரும் மதிப்பு. அதை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவருக்கு இருக்கை கிடைக்காத கவலையே இல்லை. சுற்றிலும் நான்கு இருக்கை தானாகக் காலியாகும்.

கடைகளுக்கு எதிரே மதில்மேல் நாட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். இவை பழத்தைப் பறிப்பதில்லை. பழம் இருக்கும் பையைப் பறிக்கின்றன. வனத்துறை குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறது. அதைப் படித்து நிற்பவரின் கையிலிருந்துதான் பை போகிறது.

பண்ணை தாண்டினால் பாக்கு, காப்பி, மிளகுக்கொடி படர்ந்த மரங்கள். அதற்கும் மேலே தேயிலை. ஆற்றோர ஈரக்காட்டில் கருமந்தியும் மலையணிலும் உண்டு, நடப்பவர் வாயை மூடிக்கொண்டால் பார்க்கலாம். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் சமவெளிக் காட்டிலிருந்து யானைகள் இந்தச் சரிவுக்கு ஏறி வருகின்றன. யானை ஏறுவதற்கு அனுமதி வாங்குவதில்லை. எங்கே நிற்கிறது என்று அறிவிப்பதும் இல்லை. பலா வாசனை வந்தால் படம் எடுக்க நிற்காமல் வழிகாட்டி சொன்ன பக்கம் போய்விட வேண்டும்.

மழைக்காலத்தில் யானையைவிட நிச்சயமாகச் சந்திக்கக்கூடியது அட்டை. சருகின் விளிம்பில் பின்நுனியை ஊன்றி, நூல் துண்டுபோல் நிமிர்ந்து, காற்றில் துழாவிக்கொண்டு நிற்கும். ஷூ பக்கத்தில் வந்ததும் வளைந்து, நீண்டு, வளைந்து, நீண்டு, சாண் அளப்பதுபோல் ஏறி, கயிறு கோக்கும் ஓட்டையில் தலையை விட்டு உள்ளே போய்விடும். கடித்தால் வலிக்காது, அதன் எச்சில் இரத்தத்தை உறையவும் விடாது. ஆகவே கடிபட்டவர் கடைசியில்தான் அறிகிறார், அதுவும் பின்னால் வருபவர் சொல்லி. அதற்குள் அட்டை வயிறு நிறைந்து, திராட்சை அளவுக்கு உருண்டு, தானாகவே இறங்கிப் போயிருக்கும். உப்பு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றும் மருந்து. மூன்றும் வழிகாட்டியின் மடியில் இருக்கும். வெளியூர்க்காரரின் பையில் சார்ஜர் இருக்கும்.

இந்தச் சரிவின் மூத்த குடிகள் குறும்பரும் இருளரும். மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிக் குரும்பாடி இருக்கிறது. சாலையிலிருந்து விலகி உள்ளே நடந்தால் ஆனைப்பள்ளம், சடையன்கொம்பை, சின்னாளக்கொம்பை போன்ற சிற்றூர்கள். செங்குத்தான பாறையில் பெருந்தேனீ கட்டிய கூட்டுக்குக் காட்டுக்கொடியால் ஏணி திரித்து இறங்கித் தேன் எடுப்பது குறும்பரின் பரம்பரைத் தொழில். தேனடையை முழுதாக அறுக்காமல் கொஞ்சம் விட்டுவைப்பதும் தொழிலின் பகுதி. தேன் பாட்டிலை வாங்கும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது, “இது அசல்தானே?” என்பது. பாறையில் தொங்கியவர் பொறுமையாக, “ஆமாங்க” என்கிறார்.

மேலே, தேயிலை உயரத்தில், படகர்களின் ஹட்டிகள் என்னும் ஊர்கள் தொடங்குகின்றன. அங்கே களைத்து வந்தவருக்கு முதலில் டீ, பிறகுதான் விசாரணை. குன்னூரிலிருந்து நான்சச் எஸ்டேட் பக்கம் போய் அங்கிருந்து நடந்தால் பக்காசுரன் மலைக் கோட்டை. திப்பு சுல்தான் காலத்தில் காவல் கோட்டையாக இருந்தது என்கிறார்கள். இப்போது இடிந்த மதில் மிச்சம். ஊர்க்கதையில் இது பீமனிடம் மாண்ட பகாசுரனின் இருப்பிடம். வண்டி நிறையச் சோறும் இழுத்து வரும் மாடும் ஓட்டி வரும் ஆளும் அவனுக்கு ஒருவேளைச் சாப்பாடு. இன்று அவ்விடத்தில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும் குழுக்களைப் பார்த்தால், பீமன் வேலையை முழுதாக முடிக்கவில்லையோ என்ற ஐயம் எழும். பொட்டலக் காகிதத்தைத் திருப்பிக் கீழே கொண்டுவந்தால் ஐயம் தீரும்.

விதிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வகுத்து, இணையத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. நீலகிரியின் பல பாதைகளும் அதில் உள்ளன. மலைவாழ் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையும் கிடைத்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவது குற்றம். தண்டவாளத்தின் மீது நடந்து ஹில்குரோவ் நிலையம் வரை போவது ஒரு காலத்தில் கல்லூரிக் குழுக்களின் வீர விளையாட்டு. அதுவும் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சரிவு மண்சரியும் சரிவு. 1993 நவம்பரில் பக்கத்தில் மரப்பாலம் என்ற இடத்தில் மலையே இறங்கிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. அம்மாதங்களில் வீட்டுக்குள் நடப்பதே உசிதம்.

எஞ்சியிருப்பது பாதையின் எதிர்காலம். அதுபற்றி இரண்டு கருத்துகள் உண்டு. உள்ளே இருக்கும் சிற்றூர்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து சாலைக்குக் கொண்டுவர நேர்வதால், ஊர்க்காரர்கள் தார்ச்சாலை கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் நடையர், தார் போட்டால் பாதையின் அழகு கெட்டுவிடும் என்று வருந்துகிறார். இந்த வருத்தத்தை அவர் பெரும்பாலும் வெளியிடுவது மாலையில், பர்லியார் நிறுத்தத்தில் மேட்டுப்பாளையம் பேருந்து வந்து, முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, ஷூவைக் கழற்றிய பிறகுதான்.