மைலேஜ் மாமா

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டால், "இருபத்தொண்ணு புள்ளி நாலு" என்பார். புதிதாக வந்தவர்கள் சர்க்கரையா, ரத்தக் கொதிப்பா என்று குழம்பிப்போய், "பாத்துக்குங்க, வாக்கிங் போங்க" என்று ஏதாவது சொல்லிவைப்பார்கள். அவர் சொன்னது காரின் மைலேஜ்.

தெருவுக்கு ஒரு மைலேஜ் மாமா உண்டு. அநேகமாகச் சின்னக் கார்தான் வைத்திருப்பார். பெரிய கார்க்காரர்களுக்கும் இந்த வியாதி வரும். வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். மாமாவுக்கு வெட்கம் கிடையாது. கல்யாண மண்டப வாசலில் புதுக் காரில் யார் வந்து இறங்கினாலும் கிட்டே போய், பானெட்டில் கை வைத்து, "எவ்ளோ குடுக்குது?" என்பார். கறவை மாடு வாங்க வந்தவர் கேட்பது போலவே இருக்கும். எதிராளி பதினாறு என்றால் அனுதாபப்படுவார். இருபத்தைந்து என்றால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பொய் சொல்கிறவர்களோடு அவருக்குப் பேச்சு கிடையாது.

எங்கள் தெரு மைலேஜ் மாமா, என் மாமனாரே. நெய்வேலி அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனை டன் பழுப்பு நிலக்கரி போட்டால் எத்தனை யூனிட் வந்தது என்று பார்த்துப் பழகிய கண், கடலூருக்குக் குடிவந்த பிறகும் ஓயவில்லை. 2013-ல் வாங்கிய ஆல்டோ 800 வாசலில் நிற்கிறது. லிட்டருக்கு 22.74 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அது ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றிதழ் கொடுத்த கணக்கு. ஏசியைப் போடாமல், காரை உருளைமேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு எடுக்கிற அளவு. அங்கே எருமை குறுக்கே வராது. ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்காது. இதைச் சொன்னால், "அப்ப நாமளும் அந்த மாதிரி ஓட்டணும் மாப்ள" என்பார். எருமை விஷயத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "தூரத்துலயே பாத்துடணும்."

தூரத்திலேயே பார்ப்பது என்கிற ஒரு வித்தையில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருநாள் நான் என் காரில் முன்னால் போகிறேன், அவர் ஆல்டோவில் பின்னால். சிக்னலில் பச்சை விழுந்ததும் நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சீறினேன். அடுத்த சிக்னலில் சிவப்பு. அழுத்திப் பிரேக் பிடித்து நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் மாமா எங்கோ ஒரு புள்ளியாக வருகிறார். சிவப்பைப் பார்த்த நிமிடமே காலை எடுத்திருப்பார் போலிருக்கிறது. தேர் மாதிரி மெல்ல அசைந்து வந்தார். என் பக்கத்தில் வந்து சேர்வதற்கும் பச்சை விழுவதற்கும் சரியாக இருந்தது. வண்டி நிற்கக்கூட இல்லை. திறந்த ஜன்னல் வழியாக, "என்ன மாப்ள, வெயிட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயந்தரம் பாடம் நடந்தது. "வேகம்ங்கிறது நீங்க காசு குடுத்து வாங்கினது மாப்ள. பிரேக் அடிச்சா அது அத்தனையும் சூடாப் போயிடும். பிரேக்கைத் தொட்டுப் பாருங்க, உங்க பெட்ரோல் அங்கதான் இருக்கும்." நான் தொட்டுப் பார்க்கவில்லை. என் வண்டியும் ஆல்டோ மாதிரி ஒரு சின்னக் கார்தான். எனக்கு அது பதினான்கைத் தாண்டியதில்லை.

ஆனால், காலுக்கு இருக்கிற இந்த ஞானம் மற்ற உறுப்புகளுக்கு இல்லாததுதான் சோகம். கை, முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே டாப் கியரைப் போட்டுவிடும். வண்டி குளிர்ஜுரம் வந்தது போல் உதறும். பின் சீட்டில் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்வார்கள். ஏசி சுவிட்ச் ஷோரூமில் இருந்த பளபளப்பு குறையாமல் இருக்கிறது. சின்ன இன்ஜினுக்குக் கம்ப்ரசரை இழுப்பது பெரிய பாரம் என்பது உண்மைதான். அதற்காக அக்னி நட்சத்திரத்திலா? "சைடு கண்ணாடிய இறக்கிக்குங்க, கடல் காத்து" என்பார். கடல் காற்று வருகிற ஊர் கடலூர். நாங்கள் போய்க்கொண்டிருந்தது விருத்தாசலத்துக்கு. ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைப்பது நியாயம். இவர் பத்து வினாடி சிக்னலிலும் அணைப்பார். அணைத்து அணைத்துக் கிளப்பியதில் பேட்டரி செத்து, புதுசு வாங்கிய பில்லை அவர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

பாரத்தைக் குறைக்கிறேன் என்று டிக்கியிலிருந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்து மாடிப்படிக்குக் கீழே வைத்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஸ்டெப்னி மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு கிலோ. அந்த வாரமே பண்ருட்டியில் ஒரு விசேஷம். திரும்பும்போது பலாப்பழம் வாங்கினார். ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப்னி இருக்கும். ஊர் வந்து சேர்வதற்குள் பின் டயர் பஞ்சர். மத்தியான வெயிலில், புளியமரத்தடியில், ஜாக்கி இல்லாமல், ஸ்டெப்னி இல்லாமல், நான்கு பலாப்பழங்களோடு நின்றோம். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "பழம் என்ன விலை?" என்று கேட்டார்.

இதையெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. பேரன் பிறந்தநாளுக்கு யோசிக்காமல் ஒரு பவுன் போட்டவர். அவருக்கு மைலேஜ் என்பது மார்க். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் பதற்றம்தான் அது. அதற்கு முள்ளோடையே சாட்சி.

கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி எல்லையில் முள்ளோடை. ஊர்க்காரர்கள் அங்கே எதற்குப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மாமா போவது பெட்ரோலுக்கு. வரி குறைவு, விலை குறைவு. அவரை அங்கே அடிக்கடி பார்த்த ஒரு நல்ல மனிதர் அத்தையிடம் வந்து தயங்கித் தயங்கி, "வயசான காலத்துல சாருக்கு எதுக்கு இது" என்று சொல்லிவிட்டுப் போனது தனிக்கதை. ஒருநாள் நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம், இருபத்தைந்து லிட்டருக்கு 125 ரூபாய். போக வரப் பதினெட்டு கிலோமீட்டருக்கு எரிகிற பெட்ரோல் எண்பது ரூபாய்க்குக் குறையாது. மீதியை அங்கே இரண்டு பேர் டீயும் வடையுமாகச் சாப்பிட்டுவிடுகிறோம். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தப் பதினெட்டும் தங்குதடை இல்லாத ரோடு மாப்ள. ஆவரேஜ் ஏறும்ல?"

மைலேஜ் ஏறுவதற்காகப் பெட்ரோல் எரிக்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அந்த ஆவரேஜ் குடியிருப்பது ஒரு நீல அட்டை டைரியில். பங்கில் ஆட்டோ கட் ஆகிற வரை டேங்க் ஃபுல். அப்புறம் காரை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, "தம்பி, இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்பார். பங்க் பையன் பழகிவிட்டான், அவனும் ஒரு பக்கம் பிடித்துக் குலுக்குவான். தேதி, கிலோமீட்டர், லிட்டர், மைலேஜ் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். 'மழை.' 'டயரில் காற்று 26, கவனிக்கவில்லை.' 'அத்தை வீட்டார் மூவர்.' நடுவில் ஓரிடத்தில் சிவப்பு மையில் 15.2. அதற்கு நேரே: 'மாப்பிள்ளை ஓட்டியது.' அந்த வாரம் முழுக்க எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற பழக்கம் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவையும் அவர் இப்படித்தான் உருண்டு இறங்கியிருக்கிறார். இன்ஜினின் பிடி இல்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி. கியரிலேயே வந்தால் பெட்ரோல் செலவே ஆகாது என்று நான் சொன்னபோது, பதினான்கு மைலேஜ்காரன் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் மெக்கானிக் வாயால் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், கார்புரேட்டர் காலம் போயிடுச்சு. கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் மூடிக்கும். சக்கரமே இன்ஜினைச் சுத்தும், ஒரு சொட்டு போகாது. நியூட்ரல்ல போட்டீங்கன்னா, ஐடிலிங் நிக்கணுமே, அதுக்குக் குடிக்கும்."

மாமா வெகுநேரம் பேசவில்லை. எத்தனை வருஷம், எத்தனை இறக்கம் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதமே ஏற்காடு போயாக வேண்டும் என்றார். சாவியை நான் தொடவே கூடாது என்பது நிபந்தனை. இரண்டாவது கியரில், இன்ஜின் உறுமலோடு, வளைவுக்கு வளைவு நிதானமாக இறங்கினார். அத்தை முதன்முறையாகக் கண்ணைத் திறந்து மலையைப் பார்த்தார்கள். ஊர் திரும்பி முள்ளோடையில் டேங்க் ஃபுல் செய்து, குலுக்கி, கணக்குப் போட்டார். 22.1.

அவர் கைகழுவப் போன நேரத்தில் டைரியை எட்டிப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் மெக்கானிக் பெயர் இல்லை, இரண்டாவது கியர் இல்லை, ஏற்காடுகூட இல்லை. பச்சை மையில் எழுதியிருந்தது: 'மாப்பிள்ளை பின் சீட்.'