வேலியே பயிரை மேயும் மூளை

கேள்வி: முதுமை மறதிக்கு மூளையின் அழற்சியும் காரணம் என்கிறார்களே, கரிசல் காட்டு வெயிலில் உழைத்தே மூத்தவர்களுக்கும் இது பொருந்துமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அழற்சி என்பது காயத்தையும் கிருமியையும் எதிர்த்து உடல் எழுப்பும் தற்காப்பு. மூளையில் அந்தக் காவலைச் செய்பவை, 1919இல் ஸ்பெயின் அறிவியலாளர் பியோ தெல் ரியோ ஓர்தேகா தனித்து அடையாளம் காட்டிய மைக்ரோகிளியா என்னும் நுண்ணணுக்கள். இறந்த அணுக்களையும் அமிலாய்டு எனப்படும் புரதப் படிவுகளையும் விழுங்கித் துப்புரவு செய்யும் இவை, அல்சைமர் என்னும் மறதிநோயில் படிவு தீராத நிலையில் ஓய்வின்றிக் கிளர்ந்து, சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்களை இடைவிடாது சுரந்து, நரம்பணுக்களின் இணைப்புகளையே அழிக்கத் தொடங்குகின்றன. வேலியே பயிரை மேய்வது இதுதான். அழற்சியை அடியோடு அணைத்துவிட்டால் துப்புரவும் அதனோடு நின்றுபோகும் என்பதே மருந்து தேடுவோரின் பெருஞ்சிக்கல்.

உயிரணுவின் இயல்பு ஊருக்கு ஊர் மாறாது. நோய் யாரை, எப்போது பற்றும் என்பதே மாறக்கூடியது. அதை மேலைநாட்டு நகரத்தாரை அளந்த கணக்கைக்கொண்டு முடிவு செய்ய இயலாது என்பதால்தான், நரம்பியலாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தை நிறுவன இயக்குநராகக் கொண்ட பெங்களூரு மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்து ஸ்ரீநிவாசபுராவில் 45 வயதைக் கடந்த 10,000 கிராமத்தவரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் நோக்கில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி மானாவாரி ஊர்களின் முதியோரும் அவ்வாறே அளக்கப்பட வேண்டியவர்கள். அதுவரை, மறதிநோய்க்கு வழிகோலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.