பசுமைக்கு வந்த ஏசி பஸ்

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்க, சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் ஏசி பஸ்ஸில் வந்திறங்கிய தன்னார்வலர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஊருக்கு அது ரொம்ப அவசியம். அங்கே ஓர் அப்பத்தா பழைய சேலையைப் போர்வையாகத் தைத்து, கிழிந்ததும் கரித்துணியாக்கி, மிஞ்சியதை விளக்குக்குத் திரித்துக்கொண்டிருக்கிறார், மறுசுழற்சி என்றால் என்னவென்றே தெரியாமல்! ப்ரொஜெக்டர் போட்டு விளக்கினார்கள். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் வைத்து விளக்கினார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதலே தடை என்பதைக் கண்மாய்க்கரை நெடுக ஃப்ளெக்ஸ் பேனர்கள் அறிவித்தன. ஆளுக்கொரு மஞ்சப்பையும் உண்டு. அழுக்குப்படாமல் பாலிதீன் உறைக்குள். சீமைக் கருவேலத்தை ஒழிக்கும் உறுதிமொழியை அதன் நிழலில் நின்றே எடுத்தார்கள். வேறு நிழல் இல்லை.

கடைசியாக அப்பத்தாவின் கார்பன் கணக்கை ஆப்பில் போட்டார்கள். ஏறக்குறைய பூஜ்யம். ஆப் பழுதோ என்று வேறு போனில் போட்டார்கள். அதேதான்.

"பாட்டி, உங்க கணக்குல நிறைய மிச்சம் இருக்கு."

"முதியோர் பணமாய்யா?"

"இல்ல பாட்டி, கார்பன்."

பஸ் குடித்த டீசலுக்கு ஈடாக அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கைநாட்டு வைத்த விரலை மட்டும் வெட் டிஷ்யூவால் பதமாகத் துடைத்துவிட்டார்கள்.