தோட்டப் பாதையில் ஹைபிரிட் வேகம்

பெட்ரோல் இயந்திரத்தையும் மின்மோட்டாரையும் ஒருங்கே கொண்டு இயங்கும் ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்றான பி.எம்.டபிள்யூ. ஐ8, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 4.4 செக்கனில் எட்டும் எனத் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். ஆயினும் இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலை தவிர்ந்த வீதிகளில் காருக்கான உச்சவேகம் மணிக்கு 70 கிலோமீற்றரே என்பதால், அதைப் பரீட்சித்துப் பார்க்கும், சட்டத்துக்கு அடங்கிய சாரதி அதன் வீரத்தைச் சில செக்கன்களில் பார்த்து முடித்து, பரீட்சார்த்த ஓட்டத்தின் எஞ்சிய நாட்களைத் தேயிலைக் கொழுந்து லொறியின் பின்னால் கழிக்க நேரும்.

இறக்குவானை, தெரணியகலைப் பகுதி மலைத் தோட்டப் பாதைகளிலோ, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரமும் இல்லாத இக்காரின் அடித்தட்டு முதற் குழியிலேயே ஆராய்ச்சியை நிறைவுசெய்துவிடும். பிரேக் பிடிக்கையில் வீணாகும் இயக்கசக்தியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிக்கும் 'மீளாக்கத் தடுப்பு' முறை மட்டும் இம்மலை இறக்கங்களில் மெய்யாகவே பயன்தரும். ஆனால், 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்துக்காகக் கொழுந்து சுமந்து அதே சரிவில் இறங்கும் தொழிலாளியின் முழங்காலுக்கு, இழந்த சக்தியை மீட்டுத்தரும் பொறி எதுவும் இதுவரை பொருத்தப்படவில்லை. ஆகவே, முதலிற் பரீட்சிக்கப்பட வேண்டியது காரன்று, பாதையே.