கேள்வி-பதில்

கே: புதிய லேப்டாப்பை விற்பனைக்கு அனுப்பும் முன் எப்படிச் சோதிப்பார்கள்?

ப: கீழே போடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், கீல் களைத்துப்போகும்வரை மூடித் திறப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய நாம் அப்படிச் செய்தால் வாரண்டி போய்விடும்! இதற்கெல்லாம் மேலான சோதனைக்கூடம் பள்ளிக்கூடம்தான். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக உருவான ‘எக்ஸ்ஓ-1’ லேப்டாப் பெருமளவில் தயாரானது 2007 நவம்பரில். ஆனால் மே மாதமே உருகுவேயின் வில்லா கர்தால் என்ற சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த லேப்டாப்புக்குள் விசிறி இல்லை, சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. அசையும் உறுப்பு குறைந்தால் உடைவதும் குறையும். கீபோர்டுக்கு ரப்பர் உறை. முயல்காது ஆண்டெனாக்களை மடக்கினால் யூஎஸ்பி துளைகளும் மூடிக்கொள்ளும். தூசிக்கும் தண்ணீருக்கும் தடை போட்டாயிற்று. ரப்பரைப் பிய்த்துப் பார்க்கும் விரல்களுக்குத் தடை போட எந்தப் பொறியாளரால் முடியும்?